நான் வைக்கல, நீயும் வைக்கல

மாமா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் 61 கேசட் இருந்தன. பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்தவை. கோத்தகிரியில் ஐப்பசியில் மூடிய பெட்டியைத் தையில் திறந்தால் தோல் செருப்பே வெள்ளை பூத்துக் கிடக்கும், கேசட் எம்மாத்திரம்? ஒவ்வொன்றையும் திருகாணி கழற்றிப் பிரித்து, நாடாவை நிழலில் காய வைத்து, நல்ல கூட்டில் மாற்றிச் சுற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கடை வேலைக்கு நடுவே செய்ததால் ஒன்றரை வருடம் ஆனது.

அந்தக் கேசட்டுகளில் இருப்பது எங்கள் பெண்களின் குரல். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்தில் இருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் எழுதி, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள்தான் டேன்டீ. மாமா அங்கே ஆபீஸ் கிளார்க். 1982-ல் இருந்து 1994 வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு லயம் லயமாக (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய், வயதான பெண்களைப் பாடச் சொல்லிப் பதிந்திருக்கிறார். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கும்போது பாடுவது, காமன் கூத்துப் பாட்டு எல்லாம் இருக்கின்றன. 23-ஆம் கேசட்டில் என் அம்மாயி பாடுகிறார். நடுவில் இருமுகிறார். பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, அது நான்தான் என்று அம்மா சொல்கிறார்.

மொத்தம் ஏறக்குறைய 80 மணி நேரம், 13 ஜிபி. இது நடந்தது 2011-ல். எங்கள் பிரவுசிங் சென்டருக்கு இருந்த லைனில் மேலே அனுப்பும் வேகம் 256 கேபிபிஎஸ். விநாடிக்கு 32 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அந்த லைனில் கஸ்டமர்கள் இருப்பார்கள். இரவு 11 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போட்டால் காலை 6 மணி வரை 800 எம்பி போகும். 16 இரவு வேண்டும், அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு அனுப்ப. எனக்கு நான்கு பேருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இலங்கையில் ஹட்டனில் சித்தி மகன், சேரம்பாடியில் ஒரு அண்ணன், சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், கனடாவில் அத்தை மகள். தனித்தனியாக அனுப்பினால் 64 இரவு. நடுவில் கரண்ட் போகும், லைன் போகும். போனால் மறுபடி முதலில் இருந்து.

அதனால்தான் டோரன்ட். தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நோட்டை நான்கு பிள்ளைகள் எழுதி எடுக்க வேண்டும் என்றால், நான்கு பேரும் வரிசையில் நிற்காமல், ஆளுக்குச் சில பக்கங்களை வாங்கிக்கொண்டு போய் எழுதி, பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள் இல்லையா, அதேதான். 2001-ல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க புரோகிராமர் எழுதியது. என் 13 ஜிபி, இரண்டு இரண்டு எம்பியாக 6,200 துண்டானது. ஒவ்வொரு துண்டுக்கும் கைரேகை மாதிரி ஒரு 20 பைட் அடையாளம் டோரன்ட் கோப்பிலேயே எழுதியிருக்கும். வந்த துண்டில் ஒரு பிட் பிசகினாலும் அடையாளம் பொருந்தாது, அந்தத் துண்டை மட்டும் திரும்பக் கேட்கும். கரண்ட் போனால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். யாரிடமும் அதிகம் இல்லாத துண்டாகப் பார்த்து முதலில் கேட்கும் என்பதால் நான்கு பேரும் வேறு வேறு துண்டுகளை வாங்கித் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். நான் ஒரு முறை முழுதாகக் கொடுத்தால் போதும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுப்பவரை விதைப்பவர் என்பார்கள். நாங்கள் பேச்சில் சீட் போடுவது என்போம்.

பத்து இரவு நன்றாகப் போனது. காலையில் வந்து ஷட்டரைத் தூக்கியதும் டீ கூடப் போடாமல் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.

பதினோராவது இரவு நின்றுவிட்டது. 61.8 சதவீதம். நான்கு பேருக்கும் அதே எண். முதலில் பயந்தேன், பிறகு யோசித்தால் அது அப்படித்தான் இருக்க முடியும். விதைப்பவர் நான் ஒருத்தி மட்டும். என்னிடம் இருந்து வெளியே வராத துண்டு உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது. இருந்ததை எல்லாம் அவர்கள் பங்கிட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

லைன் நன்றாக இருக்கிறது. வெப்சைட் திறக்கிறது, மெயில் போகிறது. டோரன்டில் மட்டும் இணைப்பு வரும், ஒரு நிமிடம் கூட ஆகாது, அறுந்துவிடும். மறுபடி வரும், அறும். ஹட்டன் தம்பியிடம் சாட்டில் கேட்டேன்.

"அக்கா, நீங்கதான் கட் பண்ணுறீங்க. எனக்கு அப்பிடித்தான் காட்டுது."

"நான் ஒண்ணும் பண்ணலடா. நீதான் கட் பண்றேன்னு எனக்குக் காட்டுது."

இரண்டு பேரும் வயர்ஷார்க் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். இன்டர்நெட்டில் எதுவும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். லைனில் போகிற வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் வரி வரியாகக் காட்டும் மென்பொருள் அது. அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடையில் ஒரே ஒரு மானிட்டர் வெளிச்சம். வெளியே பனிமூட்டத்தில் தெருவிளக்குகூடத் தெரியவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையில் ஒழுங்காக வரி ஓடுகிறது. தம்பியிடம் இருந்து ஒரு பொட்டலம், நான் ஒன்று, அவன் ஒன்று. திடீரென்று ஒரு சிவப்பு வரி. ரீசெட். அனுப்பியவர் முகவரியில் தம்பியின் முகவரி. அர்த்தம், "நான் போனை வைக்கிறேன், இனி பேசாதே." என் கம்ப்யூட்டர் அதை நம்பி இணைப்பை மூடிவிட்டது. அதே நேரத்தில் ஹட்டனில் அவன் திரையிலும் ஒரு சிவப்பு வரி. அதில் என் முகவரி.

நானும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. நடுவில் இருந்த ஒருவர் என் குரலில் அவனிடமும் அவன் குரலில் என்னிடமும் "வைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சின்ன எண். இன்டர்நெட்டில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயுள் எண் ஒன்று இருக்கும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். விண்டோஸ் கம்ப்யூட்டர் 128-ல் ஆரம்பிக்கும். தம்பியுடையது விண்டோஸ். ஹட்டனில் இருந்து கோத்தகிரிக்கு 17 ரவுட்டர் தாண்டி அவனுடைய பொட்டலங்கள் எல்லாம் என்னிடம் 111 என்று வந்துகொண்டிருந்தன. பக்கம் பக்கமாக 111, 111, 111. அந்தச் சிவப்பு வரியில் மட்டும் 62. வேறு பல கருவிகள் 64-ல் ஆரம்பிக்கும். 64-ல் இரண்டு போனால் 62. அது ஹட்டனில் இருந்து வரவில்லை. என் கடையில் இருந்து இரண்டே தாண்டலில் இருக்கும் ஒரு பெட்டியில் இருந்து வந்தது. நான் மாதா மாதம் பணம் கட்டும் நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் இருந்து.

கோபம் வந்தது என்று சொல்லலாம். ஆனால் முதலில் வந்தது அது இல்லை. என் லயத்துக் கிழவிகளின் பாட்டு, இடையில் ஒருவர் என் பெயரில் பொய் சொல்லி நிறுத்துகிறார் என்பது ஏதோ வீட்டுக்குள் ஆள் புகுந்தது போல இருந்தது.

மறுநாள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்லை மேடம் என்றார்கள். எண்களைச் சொன்னேன். "டோரன்ட் போடுறீங்களா மேடம்? அது இல்லீகல்." இல்லை. டோரன்ட் ஒரு அனுப்பும் முறை, அவ்வளவுதான். உபுண்டுவும் டெபியனும் தங்கள் இயங்குதளத்தை டோரன்டில் தருகிறார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம், 2012-ல், இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் சேமிப்பில் இருந்து பத்து லட்சத்துக்கு மேல் டோரன்ட் வெளியிட்டது. திருட்டு சினிமாவும் அதில் போகிறது, நான் மறுக்கவில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் கடத்தல் மரமும் போகிறது, என் கேரட் மூட்டையும் போகிறது. லாரி என்பதற்காக எல்லாவற்றையும் செக்போஸ்டில் திருப்பி அனுப்புவார்களா?

தேடத் தேட, எனக்கு நான்கு வருடம் முன்பே இதை ஒருவர் கண்டுபிடித்திருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருந்த நெட்வொர்க் பொறியாளர் ராப் டோபோல்ஸ்கி. அவருக்குப் பார்பர்ஷாப் என்ற பழைய பாட்டு வகையில் பைத்தியம். நான்கு பேர் வாத்தியம் இல்லாமல் குரலைச் சேர்த்துப் பாடுவது. காப்புரிமை முடிந்துபோன அந்தப் பழைய பதிவுகளை டோரன்டில் சீட் போட்டால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தோண்டிப் பார்த்தார். அவருக்கு லைன் கொடுத்த காம்காஸ்ட், போலி ரீசெட் பொட்டலங்களை அனுப்பி இணைப்பை அறுத்துக்கொண்டிருந்தது. அதற்கு சாண்ட்வைன் என்ற கனடா நிறுவனத்தின் கருவி. இதைப் படித்தபோது நடுராத்திரியில் எனக்குக் கண் கலங்கியது. அவரும் பழைய பாட்டைத்தான் அனுப்பப் பார்த்திருக்கிறார்.

2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சொந்தமாகச் சோதித்துப் பார்த்தது. சோதனைக்கு அனுப்பிய கோப்பு பைபிள். யாரும் திருட்டு என்று சொல்ல முடியாதது. அதையும் அறுத்தார்கள். இரு முனையிலும், மற்றவர் அனுப்பியது போல ரீசெட். எங்கள் இரண்டு பேர் திரையிலும் வந்த அதே சிவப்பு வரி. நாங்கள் தடுக்கவே இல்லை என்று சொல்லிவந்த காம்காஸ்ட் பிறகு "தாமதப்படுத்துகிறோம்" என்றது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில், இதை நிறுத்து என்று உத்தரவு போட்டது. 2010 ஏப்ரலில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உத்தரவை ரத்து செய்துவிட்டது. வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனார்கள், ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 16 டாலர்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2008 முடிவதற்குள் காம்காஸ்டே முறையை மாற்றிக்கொண்டது. புதிய முறையில், நீ அனுப்புவது டோரன்டா, வீடியோவா, மெயிலா என்று பார்க்கவில்லை. ஒரு பகுதியில் நெரிசல் வரும்போது மட்டும், கடந்த சில நிமிடங்களில் அதிகமாக எடுத்தவர் யாரோ அவருக்குக் கொஞ்ச நேரம் முன்னுரிமை குறைந்தது. நெரிசல் தீர்ந்ததும் பழையபடி ஆனது. எப்படிச் செய்கிறோம் என்பதை எழுதி 2010-ல் பொதுவில் வைத்தார்கள். அதாவது, செய்ய முடியும். பொய் சொல்லாமலே நெரிசலைச் சமாளிக்க முடியும்.

நெரிசல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. லைன் பார்க்க வரும் அண்ணன் ஒருவர் உண்டு. எந்த மழையிலும் கம்பத்தில் ஏறுபவர், அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை. அவரிடம் சொன்னபோது, "உங்க மேல தப்பு இல்லம்மா, ஆனா இந்தப் பக்கத்துக்கே கீழ இருந்து வர்ற பைப் அவ்வளவுதான். நாலு பேர் ராத்திரி பகலா டோரன்ட் போட்டா மத்த வீட்டுல மெயில் திறக்காது" என்றார். உண்மை. என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வருடம் பிளஸ் டூ ரிசல்ட் அன்று காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் முப்பது பிள்ளைகள், கூடவே கொழுந்து மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள். ரிசல்ட் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மூன்றாம் கேபினில் ஒரு பையன் ஏதோ விளையாட்டை டோரன்டில் இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு டோரன்ட் ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது இணைப்பைத் திறக்கும், ஒரு வெப் பக்கம் நான்கைந்துதான் திறக்கும். வரிசையில் ஒருவர் அறுபது ஆளை நிறுத்தி வைப்பது போல. "தம்பி, ரிசல்ட் முடியற வரைக்கும் நிறுத்துப்பா" என்றேன். நிறுத்தினான்.

பிறகு ரவுட்டரில் ஒரு கேபினுக்கு இவ்வளவுதான் என்று சமமாகப் பிரித்துவிட்டு, அதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவன் என்ன இறக்குகிறான் என்று நான் பார்க்கவில்லை. நானும் கட்டுப்படுத்தினேன், ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னேன். என் கடையில் எட்டு கம்ப்யூட்டர். எட்டு கம்ப்யூட்டருக்குச் செய்ய முடிந்ததை ஆயிரக்கணக்கான வீட்டுக்கு லைன் கொடுப்பவர்கள் செய்ய முடியாதா? "அன்லிமிட்டெட்" என்று பில்லில் அச்சடித்துவிட்டு இரவு ஒரு மணிக்கு, நெரிசலே இல்லாத நேரத்தில், அறுக்க வேண்டிய அவசியம் என்ன?

எனக்கு நிறுவனத்திடம் இருந்து கடைசி வரை பதில் வரவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில்.

பாட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் மறையாக்கத்தை ஆன் செய்து பார்த்தேன், இரண்டு நாள் போனது, மறுபடி நின்றது. கடைசியில் மூன்று டிவிடியில் எழுதி, ஒரு செட்டைச் சேரம்பாடிக்குப் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன், இன்னொரு செட்டைச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். சென்னை ஹாஸ்டல் லைனில் இந்த அறுக்கும் வேலை எதுவும் இல்லை. அண்ணன் மகள் டிவிடியில் இருந்து எடுத்து அதே டோரன்டில் வைத்துச் சரிபார்க்கச் சொன்னாள். 6,196 துண்டு சரி. 4 துண்டு தப்பு, டிவிடியில் எங்கோ கீறல். அந்த நான்கை மட்டும் சேரம்பாடி அண்ணனிடம் இருந்து டோரன்டே கேட்டு வாங்கிக்கொண்டது. எட்டு எம்பி. அவள் அங்கிருந்து சீட் போட, ஆறாவது நாள் ஹட்டனில் நூறு சதவீதம் ஆனது. அன்று இரவு சித்தி போன் செய்தார். 23-ஆம் கேசட்டைக் கேட்டிருக்கிறார். அம்மாயி சித்திக்கு அம்மா. 1974-ல் கப்பலில் ஏறிய அம்மாவின் குரலைச் சித்தி அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. "அந்த இருமல்கூட அதேதான்டி" என்றார். வேறு எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை, போனை மட்டும் யாரும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நிறைய மாறியது. 2012 மே மாதம், ஒரு சினிமா திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவைக் காட்டி, இன்டர்நெட் நிறுவனங்கள் டோரன்ட் தளங்களோடு சேர்த்து விமியோ போன்ற வீடியோ தளத்தையே முழுதாக மூடினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஜூனில் நீதிமன்றமே, குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுங்கள், தளம் முழுவதையும் அல்ல என்று தெளிவாக்கியது. 2015-ல் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேல் மெயில் போனது. நானும் அனுப்பினேன், அந்தச் சிவப்பு வரியின் படத்தோடு. 2018-ல் மத்திய அரசு இணையச் சமநிலை விதிகளை ஏற்றுக்கொண்டது. எதைப் பார்க்கிறாய் என்று பார்த்து ஒன்றைத் தடுப்பதும் மெதுவாக்குவதும் கூடாது. நெரிசலைச் சமாளிக்க நியாயமான அளவில் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தலாம், ஆனால் வெளிப்படையாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் பதிவுத் தபால் அனுப்பினேன்.

டோரன்டும் மாறிவிட்டது. 2011-க்கு முன்பே வந்திருந்த யூடிபி (µTP) என்ற முறை பரவியது. லைனில் பொட்டலம் தேங்கித் தாமதம் ஏறுவது தெரிந்தால், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதத்துக்கே, தானாக ஒதுங்கி மற்றவர்களுக்கு வழி விடும். மூன்றாம் கேபின் பையனிடம் அன்று அது இருந்திருந்தால் நான் எழுந்தே போயிருக்க மாட்டேன்.

இப்போது கடையில் ஃபைபர். அந்த 13 ஜிபியை ஒரு டீ குடிப்பதற்குள் அனுப்பிவிடலாம்தான், ஆனால் அதே பழைய டோரன்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019 ஆகஸ்ட் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து என் ஹார்ட் டிஸ்க் போனபோது, முழுதும் ஹட்டனில் இருந்துதான் திரும்பி வந்தது, 6,200 துண்டும் சரியாக. ஒன்றே ஒன்றுதான் எங்கும் இல்லை. 37-ஆம் கேசட்டின் பி பக்கம், பூஞ்சையில் நாடா ஒட்டிப்போய்ப் பிரிக்கும்போது கிழிந்துவிட்டது. மாமா கேசட் மேல் "கோத்தகிரி, ஒப்பாரி, 1987" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அவர் சில கேசட்டுகளைப் பாடியவர்களுக்கே காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று அம்மா சொல்கிறார். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் மாமா கொடுத்த கேசட் ஏதாவது இருந்தால், பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை, துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். டெக் இன்னும் ஓடுகிறது.